பக்கத்து வீட்டு அளவுக்கு: வெளிநாட்டுத் தன்னார்வப் பணியில் எளிமையாக வாழ ஒரு முழு வழிகாட்டி

வெளிநாட்டுக்குத் தன்னார்வப் பணிக்குக் கிளம்புகிறவர்களில் பலர் எளிமையைப் பெட்டிக்குள் தேடுகிறார்கள். எத்தனை சட்டை, எத்தனை செருப்பு, மொத்தம் எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டுக் குறைத்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பு. நானும் முதல்முறை 11 கிலோ முதுகுப்பையோடு பெருமையாகத்தான் போய் இறங்கினேன். ஒரே வாரத்தில், அந்தத் தெருவிலேயே அதிகச் சாமான் இருப்பது என் அறையில்தான் என்று தெரிந்துவிட்டது. என் பைக்குள் ஒரு லேப்டாப், ஒரு கேமரா, மூன்று சார்ஜர். பக்கத்து வீட்டில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே போன்.

அதற்கப்புறம் நான் கையில் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். இந்தப் பொருள், இந்த வசதி, என்னைப் பக்கத்து வீட்டிலிருந்து தள்ளி நிறுத்துகிறதா? கொசுவலை தள்ளி நிறுத்தாது. நாள் முழுக்கக் கதவை மூடி வைக்கச் சொல்லும் ஏ.சி. நிறுத்தும். மிதிவண்டியில் போனால் வழியில் நாலு பேர் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஓட்டுநரோடு வரும் ஜீப்பில் போனால் புழுதிதான் அவர்களுக்கு மிச்சம். கீழே சொல்லப்போகிற எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

1. யார் செலவில் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

அங்கே எப்படி வாழப் போகிறீர்கள் என்பதில் பாதியை உங்களை அனுப்பும் அமைப்பே முடிவு செய்துவிடும். 1970-இல் உருவான ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் திட்டம், ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. தன்னார்வலருக்கு மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கென ஒரு தொகை தரும். அதைச் சம்பளம் என்று சொல்வதில்லை. ஆனாலும் சில ஊர்களில் அது உள்ளூர் ஆசிரியரின் சம்பளத்தைத் தாண்டிவிடலாம். அமெரிக்கா 1961-இல் தொடங்கிய பீஸ் கோர், அமெரிக்கக் குடிமக்களுக்கானது. மூன்று மாதப் பயிற்சி, இரண்டு ஆண்டுப் பணி, ஆக 27 மாதம். ஊர்மக்கள் வாழ்கிற அளவிலேயே தன்னார்வலரும் வாழ வேண்டும் என்பதை வைத்துத்தான் அங்கே தொகையைக் கணக்கிடுகிறார்கள். 1958-இல் பிரிட்டனில் பிறந்த வி.எஸ்.ஓ., பெரும்பாலும் தொழில் அனுபவம் உள்ளவர்களைத் தேடும். 1971-இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த வூஃப் அமைப்பில் காசுப் பேச்சே கிடையாது: இயற்கை விவசாயப் பண்ணையில் வேலை செய்தால் தங்க இடமும் சாப்பாடும். ஜெசூட் வாலண்டியர் கோர் என்ற அமைப்பு ஒருபடி மேலே போய், எளிய வாழ்க்கையைத் தன் நான்கு அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது.

இவை தவிர, நாமே பணம் கட்டிப் போகும் திட்டங்களும் நிறைய உண்டு. எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டுகிற பணத்தில் எவ்வளவு அந்த ஊருக்குப் போகிறது என்று நேராகக் கேளுங்கள். பதில் வளைந்து வளைந்து வந்தால் வேறு இடம் பாருங்கள். குறிப்பாக, அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் குழந்தைகளோடு விளையாடலாம் என்று அழைத்தால் ஒதுங்கிவிடுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளையே பார்வையாளர்களின் நன்கொடைக்காக இல்லங்களில் சேர்த்து வைப்பது பல நாடுகளில் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. வாரத்துக்கொரு புது முகத்தோடு ஒட்டிப் பிரிவது அந்தக் குழந்தைகளுக்கும் நல்லதல்ல.

ஒப்புக்கொள்ளும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: விமானச் செலவு யாருடையது, மருத்துவக் காப்பீட்டில் அவசரமாக வேறு ஊருக்கு எடுத்துச் செல்லும் செலவும் அடங்குமா, தங்குமிடம் எங்கே, நீங்கள் செய்யப்போகும் வேலையை உள்ளூரில் ஒருவர் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறாரா. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் யோசியுங்கள். நீங்கள் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தாலும் ஒருவர் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு வாழ்வதாகிவிடும்.

விசா விஷயத்தில் ஒரு வார்த்தை. சம்பளம் இல்லாத வேலைதானே என்று சுற்றுலா விசாவில் போகிறவர்கள் இருக்கிறார்கள். பல நாடுகளில் தன்னார்வப் பணியும் வேலைதான். எந்த விசா என்று தூதரகத்திடமே கேட்டுவிடுங்கள்.

2. மூன்று மாதம் முன்பே வீட்டில் ஒத்திகை

இதை யாரும் செய்வதில்லை. செய்தவர்களுக்கு அங்கே போய்த் தடுமாற்றம் பாதியாகக் குறைகிறது.

தண்ணீரில் ஆரம்பியுங்கள். பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று ஸ்பியர் என்ற சர்வதேச நிவாரண அளவுகோல் சொல்கிறது. குடிக்க, சமைக்க, கழுவிக்கொள்ள எல்லாம் சேர்த்து. ஒரு வாரம் அந்த 15 லிட்டரில் வாழ்ந்து பாருங்கள். காலையில் வாளியில் பிடித்து வைத்துக்கொண்டு, குழாயைத் தொடாமல். முதல் நாள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். நாலாவது நாள், பாத்திரம் கழுவிய இரண்டாவது தண்ணீரைத் தரை துடைக்க எடுத்து வைக்கிற புத்தி தானாக வரும். தலையில் முதல் குவளை, உடம்பு நனைய இரண்டாவது, சோப்புத் தேய்த்து முடித்துவிட்டு மிச்சம் என்ற வரிசை கைக்குப் பழகிவிட்டால், ஐந்தாறு லிட்டரில் நிறைவாகக் குளித்துவிடலாம்.

அப்புறம் துணி. ஒரு மாதம் கையாலேயே துவையுங்கள். ஜீன்ஸை ஏன் கொண்டுபோகக் கூடாது என்று யாரும் சொல்லாமலே புரியும்: பிழியவும் முடியாது, இரண்டு நாளானாலும் காயாது.

குளிர்ப்பெட்டியை ஒரு வாரம் அணைத்து வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்கிச் சமைத்துப் பாருங்கள். ஒற்றை அடுப்பில், ஒரே சட்டியில். ராத்திரி எட்டு மணிக்கு மேல் விளக்கில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இது விளையாட்டாகத் தோன்றும். அங்கே மாலை ஆறரைக்கு இருட்டிய பிறகு உறக்கம் வரும்வரை இருக்கும் அந்த நாலு மணி நேரம்தான் பலரை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறது. பசியோ உழைப்போ அவ்வளவு பேரை அனுப்புவதில்லை.

ஒத்திகையில் உங்களால் எதை விடவே முடியவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது காலையில் ஒரு கோப்பை காப்பி. அதை விட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒன்றிரண்டு சின்ன ஆசைகளைத் தெரிந்தே கூட்டிப்போகலாம். பத்தாகப் பெருகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

3. கிளம்பும் முன் ஊரில் முடிக்க வேண்டியவை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதத் தவணைக் கடன் இருந்தால் தீர்த்துவிட்டுப் போங்கள், அல்லது தவணை தானாகப் போகும்படி கணக்கில் பணம் வைத்துவிட்டுப் போங்கள். ஊரில் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே உட்கார்ந்து எளிமையாக வாழ முடியாது, கவலையாகத்தான் வாழ முடியும். நம்பகமான ஒருவருக்கு உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் கொடுங்கள். கடவுச்சீட்டு இன்னும் எத்தனை மாதம் செல்லும் என்று பாருங்கள். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதமாவது மிச்சமிருக்க வேண்டும் என்கின்றன.

தடுப்பூசிகளை ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். சிலவற்றுக்கு இடைவெளி விட்டு இரண்டு மூன்று ஊசி போட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ், போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். விமானத்துக்கு முந்தின நாள் போட்டுக்கொண்டு போனால் எல்லையில் தடுப்பார்கள். நல்ல செய்தி, 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்ட ஊசிக்கான சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

4. மூட்டை: எதில் கஞ்சத்தனம், எதில் கூடாது

நான் பார்த்த பெரிய தவறு, எளிமை என்ற பெயரில் மருந்தையும் கண்ணாடியையும் குறைத்துவிட்டு, 'தேவைப்படலாம்' என்று கருவிகளைக் கூட்டிக்கொண்டு போவது. நேர்மாறாகச் செய்யுங்கள்.

உடலைக் காக்கிற எதிலும் குறைக்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து மூன்று மாதத்துக்கு, மருத்துவர் சீட்டோடு, அசல் அட்டையிலேயே. கண்ணாடி போடுகிறவர் என்றால் இன்னொரு கண்ணாடியும் பவர் சீட்டும். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து ஏற்றிய கொசுவலை, மலேரியா இருக்கும் பகுதி என்றால். தலையில் மாட்டிக்கொள்ளும் டார்ச். இரண்டு கையிலும் வேலை செய்துகொண்டே வெளிச்சம் கிடைக்கும், இருட்டில் கழிப்பறைக்குப் போகும்போது இதன் அருமை தெரியும். நல்ல செருப்பு ஒன்று, நல்ல ஷூ ஒன்று.

மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கும். வாளி, குவளை, பாய், போர்வை, சட்டி, சோப்பு எல்லாம். மக்கள் வாழ்கிற ஊருக்குத்தானே போகிறீர்கள்? அங்கே வாங்கினால் கடைக்காரரைத் தெரிந்துகொள்ள ஒரு சாக்கும் ஆயிற்று.

துணியில் நான் சொல்வது கொஞ்சம் விசித்திரமாகப் படலாம்: ஒரு நல்ல உடை கொண்டுபோங்கள். இஸ்திரி போட்டால் மிடுக்காக நிற்கிற, விழாவுக்குப் போட்டுக்கொள்கிற உடை. கிழிந்த பேன்ட், வெளுத்த டீ-ஷர்ட் என்று திரிவதைத் தியாகம் என்று நினைக்கும் தன்னார்வலர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கையில் காசில்லாத மக்கள் பெரும்பாலும் அப்படித் திரிவதில்லை. ஒரே ஒரு நல்ல சட்டை இருந்தால் அதைத் துவைத்து, மடிப்புக் கலையாமல், கூட்டத்துக்கும் வழிபாட்டுக்கும் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் நடுவில் நீங்கள் கசங்கிய உடையில் போய் நின்றால், 'இவருக்கு நம்மைப் பார்க்க இது போதும் போல' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எளிமை வேறு, அலங்கோலம் வேறு.

5. முதல் மாதம்: எதையும் வாங்காதீர்கள்

போய் இறங்கியதும் அறையைப் பார்த்து மனசு ஒரு பட்டியல் போடும். மேசை வேண்டும், மின்விசிறி வேண்டும், திரைச்சீலை, அலமாரி. அந்தப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, 30 நாள் மூடி வைத்துவிடுங்கள். படுக்க, சமைக்க, கழுவ வேண்டியவை மட்டும் விதிவிலக்கு. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பாதிக்கு மேல் ஏன் எழுதினோம் என்றே தெரியாது. மிச்சத்தில் சிலவற்றை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியிருப்பீர்கள். இரவல் வாங்குவதை இழுக்காக நினைக்காதீர்கள். ஏணி வேண்டும், சுத்தியல் வேண்டும் என்று நீங்கள் போய்க் கதவைத் தட்டினால்தான், நாளைக்கு அவர்களும் உங்கள் கதவைத் தட்டுவார்கள். எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறவரிடம் யார் எதற்குப் போவார்கள்?

தங்குமிடத்தில் தேர்வு இருந்தால், கூட வேலை செய்கிறவர்கள் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கேயே பாருங்கள். முதல் சில மாதம் ஒரு குடும்பத்தோடு தங்க முடிந்தால் இன்னும் நல்லது. தனிமை கிடைக்காது, குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டும், நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று தெரு முழுக்கத் தெரியும். ஆனால் மொழியும், எந்தப் பருவத்தில் எந்தக் காய் மலிவு என்பதும், யாருக்கு யார் ஆகாது என்பதும் அந்தச் சமையலறையில்தான் கற்றுக்கொள்ள முடியும்.

குடிநீரில் மட்டும் பக்கத்து வீட்டு அளவுகோலைத் தூக்கி ஓரம் வையுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த வயிறு வேறு, உங்கள் வயிறு வேறு. தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான ஊர் என்றால் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். விறகு தட்டுப்பாடான இடத்தில் வெயிலைப் பயன்படுத்தலாம். கலங்கல் இல்லாத தண்ணீரைத் தெளிவான பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தி வையுங்கள். பாதிக்கு மேல் மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். சூரியனின் புற ஊதாக் கதிர் கிருமிகளைக் கொன்றுவிடும். கொதிக்க வைத்ததைத் திறந்த பானையில் ஊற்றிக் கையை விட்டு மொண்டு குடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். மூடியும் குழாயும் உள்ள பாத்திரம் ஒன்று வாங்குங்கள். 30 நாள் விதி இதற்குப் பொருந்தாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருமுறையாவது வயிற்றுப்போக்கு வரும். ஓஆர்எஸ் பொட்டலம் கையில் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடக் கூடாது. ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குக் கிளம்புங்கள். இதிலெல்லாம் வீரம் காட்டி நீங்கள் விழுந்துவிட்டால், உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதே பக்கத்து வீட்டுக்காரர்தான். ஒருநாள் கூலியும் போகும் அவருக்கு.

6. பணம்: அங்குள்ள காசில் யோசியுங்கள்

கடையில் விலை கேட்டதும் மனசுக்குள் நம் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். மூன்று மாதத்துக்குள் அதை நிறுத்திவிட வேண்டும். மாற்றிப் பார்க்கிறவருக்கு ஒன்று எல்லாமே மலிவாகத் தெரியும், வாரிக்கொண்டு வருவார். அல்லது எல்லாமே விலையாகத் தெரியும், காய்கறிக்காரம்மாவிடம் சில்லறைக்கு மல்லுக்கட்டுவார். இரண்டுமே ஊருக்குள் பெயரைக் கெடுக்கும். அதற்குப் பதில் ஒரு நாள் கூலியை அலகாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் வயல் வேலைக்கோ கட்டட வேலைக்கோ ஒரு நாளைக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, 'இந்தச் செருப்பு மூன்று நாள் கூலி', 'இந்த நெட் பேக் ஒரு நாள் கூலி' என்று எண்ணிப் பாருங்கள். எதை வாங்கலாம் எதை வேண்டாம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

மாதத் தொகையை மாத முதல் நாளே பிரித்து வைப்பது நல்லது. வாடகையும் சாப்பாடும் ஒரு பங்கு. பயணம், போன் ஒரு பங்கு. நோய் நொடிக்கு ஒரு பங்கு, அதைத் தொடக் கூடாது. கடைசியாக ஒரு சிறு பங்கு, பிறருக்கு.

அந்தக் கடைசிப் பங்கைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றதும் கேட்பார்கள். பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, கூரை ஒழுகுகிறது. பெரும்பாலும் எல்லாம் உண்மையான தேவைதான். முதல் மாதத்தில் மனமிளகி நான் ஒருவருக்குக் கொஞ்சம் பெரிய தொகையாகக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஆறு பேர் வந்தார்கள். அவர்கள் வந்ததுகூடப் பரவாயில்லை. வாங்கிய அந்த நண்பர் அதற்கப்புறம் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. திருப்பித் தர முடியாத கடனைத் தலையில் ஏற்றி ஒரு நட்பை நானே கெடுத்துக்கொண்டேன்.

பிறகு கற்றுக்கொண்டது: அந்த ஊரில் ஒருவருக்கொருவர் எப்படிக் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று முதலில் கவனிப்பது. சாவு வீட்டுக்கு எல்லோரும் ஏதோ ஒன்று கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு, பிள்ளை பிறந்தால், பொதுக் கிணறு தூர் வார என்று எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு முறை இருக்கும். மற்றவர்கள் கொடுக்கும் அளவையே, அல்லது கொஞ்சம் கூட, நீங்களும் கொடுங்கள். பெரிய உதவி செய்தே ஆக வேண்டும் என்றால் தனி ஆள் கையில் கொடுக்காமல், அங்குள்ள பள்ளியோ மருத்துவமனையோ வழியாக, உங்கள் பெயர் வராமல் செய்யுங்கள். தெருவில் குழந்தைகளுக்கு மிட்டாயும் பேனாவும் வாரி இறைப்பதை ஒருநாளும் செய்யாதீர்கள். அடுத்து வருகிற வெளிநாட்டுக்காரரை அவர்கள் கை நீட்டித்தான் வரவேற்பார்கள்.

'என்னால் முடியாது' என்று அந்த மொழியில் மரியாதையாகச் சொல்வது எப்படி என்று முதல் மாதமே கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மொழியிலும் நேராக மறுக்காமல் மறுக்கிற ஒரு வாக்கியம் உண்டு. இலக்கணப் புத்தகத்தில் அது இருக்காது. கூட வேலை செய்கிறவரிடம் கேட்க வேண்டும்.

7. நடை, சைக்கிள், பேருந்து

1910-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியும் தோழர்களும் குடியேறியபோது ஒரு விதி வைத்தார்கள். பண்ணையின் பொது வேலையாக நகரத்துக்குப் போகிறவர் ரயிலில், அதுவும் மூன்றாம் வகுப்பில் போகலாம். உல்லாசமாகப் போகிறவர் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். சட்டென்று செலவு குறைந்தது. நடப்பது என்றால், எது உண்மையிலேயே வேலை எது ஆசை என்று கால் சொல்லிவிடுமே!

நமக்கு 21 மைல் நடை வேண்டாம். ஆனால் அந்தப் பிரிவினை நல்ல யோசனை. வேலைக்கு அலுவலக வண்டி தந்தால் வேலைக்கு மட்டும் ஏறுங்கள். சொந்தக் காரியத்துக்கு ஊர்க்காரர்கள் போகிற பேருந்திலோ பகிர்வு வண்டியிலோ போங்கள். கூட்டத்தில் ஒட்டி உட்கார்ந்து வருகிற அந்த ஒரு மணி நேரத்தில் மொழி எவ்வளவு வளரும் என்று நீங்களே பார்ப்பீர்கள். இரவுப் பயணமும், தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறுவதும் மட்டும் வேண்டாம். வெளியூரில் வருகிற பெரிய ஆபத்து பெரும்பாலும் பாம்போ கொள்ளைக்காரனோ இல்லை, சாலைதான்.

8. கொடுக்கப் போனவர் வாங்கப் பழக வேண்டும்

எளிமையில் கடினமான பாடம் இதுதான் என்பேன். சாமானைக் குறைப்பது ஒரு மாத வேலை. வாங்கிக்கொள்ளக் கற்பதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

உங்களைவிடக் கையில் குறைவாக உள்ளவர் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். தட்டில் அந்த வீட்டின் வாரச் சாப்பாட்டில் நல்ல பங்கு உங்களுக்கு வந்துவிடும். 'வேண்டாம், உங்களுக்கே இல்லை' என்று மறுக்க நாக்கு துடிக்கும். மறுத்துவிடாதீர்கள். விருந்து வைக்கும் உரிமை பணக்காரருக்கு மட்டும் உள்ளதல்ல. உட்கார்ந்து, ரசித்துச் சாப்பிட்டு, கொஞ்சம் மிச்சம் வைப்பது மரியாதையா, துடைத்துச் சாப்பிடுவது மரியாதையா என்று முன்பே விசாரித்து அதன்படி நடந்துகொள்ளுங்கள். பிறகு ஒருநாள் அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் வைத்ததைவிடத் தடபுடலாக வைக்காதீர்கள். ஏறக்குறைய அதே அளவு.

இங்கேதான் வாழ்க்கைத்தரத்துக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. உங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார அவர்கள் கூச்சப்படுகிறார்களா என்று பாருங்கள். வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனால் உள்ளே ஏதோ கூடிவிட்டது என்று அர்த்தம்.

சக தன்னார்வலர்களுக்குள் ஒரு வேடிக்கையான போட்டி நடக்கும், அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். யார் அறையில் மின்சாரம் இல்லை, யார் அதிக நாள் குளிக்கவில்லை, யாருக்கு எத்தனை முறை மலேரியா வந்தது என்று கஷ்டத்தைப் பதக்கமாகக் குத்திக்கொள்வது. பக்கத்து வீட்டில் மின்விசிறி இருந்தால் நீங்களும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வீட்டில் தொலைக்காட்சி வாங்கினால் 'ஐயோ, கிராமம் கெட்டுப்போகிறதே' என்று நீங்கள் வருத்தப்படவும் வேண்டாம். வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளவும் வேண்டாம் என்றால் விட்டுவிடவும் உங்களுக்கு முடிகிறது. அவர்களில் பலருக்கு அது முடியாது. விமான டிக்கெட் இருக்கிற எளிமையும் அது இல்லாத ஏழ்மையும் ஒன்றாகிவிடாது. இதை மறந்துவிட்டு 'நானும் உங்களைப் போலத்தான்' என்று பேசினால், கேட்கிறவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

9. போனும் மோசமான நாள்களும்

இன்றைக்குப் பிரித்து வைக்கிற பெரிய சுவர் கைக்குள்ளேயே இருக்கிறது. உடம்பு அங்கேயும் மனசு வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் இருந்தால், சாமான் எவ்வளவு குறைந்தும் பயனில்லை. நான் சொல்லும் வழி: குடும்பத்தோடு வாரத்தில் இரண்டு நாள் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள், மற்ற மாலைகளில் போனை அறையில் வைத்துவிட்டுத் திண்ணைக்கோ மைதானத்துக்கோ போய் உட்காருங்கள். முதல் சில வாரம் மொழி புரியாமல் சும்மா சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சும்மா இருக்கப் பழகுவதும் வேலைதான். அவசரத்துக்கு எப்படித் தொடர்புகொள்வது என்பதை மட்டும் வீட்டிலும் அமைப்பிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

யாரையும் படமெடுக்கும் முன் கேளுங்கள். குழந்தைகளின் படத்தை இணையத்தில் போடாதீர்கள்.

மூன்றாவது, நாலாவது மாதம் ஒரு சரிவு வரும். புதுமை தீர்ந்திருக்கும், மொழி இன்னும் வந்திருக்காது, செய்கிற வேலையில் பலன் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் எளிமை எரிச்சலாகத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து நகரத்துக்குப் போய், வெந்நீர் வருகிற அறை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒருநாள் தூங்குங்கள். குற்ற உணர்ச்சியே வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை என்று ஆனால்தான் யோசிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றால் அது வேறு. அமைப்பின் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாதியில் திரும்பி வந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

10. திரும்பும்போது

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே, உங்கள் சாமான் யாருக்கு என்று ஊரே பேச ஆரம்பித்துவிடும். மிதிவண்டி யாருக்கு, அடுப்பு யாருக்கு. கடைசி நாள் கண்டபடி கொடுத்தால் நீங்கள் போன பிறகும் சண்டை ஓயாது. பெரிய பொருள்களை அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ எழுதிக் கொடுத்துவிடுங்கள், அல்லது அங்குள்ள விலைக்கு விற்றுவிடுங்கள். சின்னவற்றை, யாரிடம் எதை இரவல் வாங்கினீர்களோ அவர்களுக்கு.

ஊருக்கு வந்து சேர்ந்த முதல் சில வாரம் கடையில் பத்து வகை சோப்பைப் பார்த்துத் திகைத்து நிற்பீர்கள், வீட்டில் யாராவது குழாயைத் திறந்துவிட்டால் கோபம் வரும். அந்தக் கோபத்தை வாய்விட்டுச் சொல்லி எல்லோரையும் சோதிக்காதீர்கள். கதை கேட்க அவர்களுக்கு இருக்கும் பொறுமை கால் மணி நேரம்தான். உங்களுக்கு வேண்டுமானால் அங்கே பழகியதில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். நான் வாளிக் குளியலையும் 30 நாள் நோட்டையும் வைத்துக்கொண்டேன். லேப்டாப் மறுபடி வாங்கிவிட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு காரியம் மறக்க வேண்டாம். மலேரியா தடுப்பு மாத்திரையை வந்து இறங்கியதும் நிறுத்திவிடாதீர்கள்; டாக்ஸிசைக்ளின் போன்றவற்றை அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் நாலு வாரம் சாப்பிட வேண்டும். அப்படியும் ஒரு வருஷத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இன்னொன்று, அங்கே எடுத்த படங்களை அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பீர்கள். காகிதத்தில் அச்சுப் போட்டு, பின்பக்கம் பேர் எழுதி, அந்த மாதமே தபாலில் சேர்த்துவிடுங்கள்.